வண்டியில மிஸ்ஸிங் இருக்கு

சவரிமுத்துவின் வாடகைக் கார் ஓடுகிறபோது இடையிடையே ஒரு வெடிப்பு விட்டுப்போனது. விட்டுப்போன ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊரில் ஒருத்தர் பேர் காணாமல் போனது. நடந்தது இவ்வளவுதான். ஏன் என்று கேட்காதீர்கள். நான் மெக்கானிக். பூசாரி இல்லை.

ஊர் நெடுவூரணி. கார் பச்சை நிறம், எனக்கு மீசை முளைக்காத காலத்து வண்டி, நாலு சிலிண்டர், ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார். பொண்ணு அழைக்கப் போனதும் அதுதான், பிரசவத்துக்குப் போனதும் அதுதான், பெரியாஸ்பத்திரியிலிருந்து பேச்சுமூச்சில்லாமல் திரும்பினவர்கள் வந்ததும் அதில்தான். இன்ஜின் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒரு தடவைதான் சொல்வேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் புகை வந்து நிற்கும், அதில் ஒரு பொறி விழவேண்டும், விழுந்தால் வெடிக்கும், வெடித்தால் வண்டி ஓடும். பொறி விழாமல் ஒரு வெடிப்பு காலியாகப் போனால் அதற்கு எங்கள் தொழிலில் மிஸ்ஸிங் என்று பேர். எந்நேரமும் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியை டீ ஆறுவதற்குள் சரி பண்ணிவிடுவேன். எப்பவாவது அடிக்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும். ரோட்டில் அடிக்கும், ஷெட்டுக்குள் வந்தால் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

முதலில் போனது ஹெட்மாஸ்டர் பேர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் பள்ளிக்கூட வாசலில் நின்று, நேரம் கழித்து வந்த பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார், பச்சைக் கார் வேகத்தடையில் ஏறி இறங்கியது, டுப்டுப்டுப் என்று போன சத்தத்தில் ஒரு டுப் மட்டும் இல்லாமல் போனது, அவ்வளவுதான், உள்ளேயிருந்து ஒரு வாத்தியார் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார், வாய்க்குள் ஒன்றும் இல்லை. போர்டைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் என்று இருந்தது, கடைசியில் எம்.ஏ., பி.எட். என்று இருந்தது, நடுவில் வெறும் பெயிண்ட். மனுஷன் வீட்டுக்குப் போய் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தார், அதிலும் அந்த இடம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. “பட்டம் இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு இரண்டாவது பீரியடுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

அப்புறம் பரோட்டா மாஸ்டர். அப்புறம் ரயில்வே கேட்டில் கேட்கீப்பர். ஊரணிக் கரை மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் ஒரே வாரத்தில். மிஸ்ஸிங் அடிக்கிற நொடியில் வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் பேர் போகும். வாயிலிருந்து போகும், காகிதத்திலிருந்து போகும், கையில் பச்சை குத்தியிருந்தால் அந்த இடத்துத் தோல் பிறந்த குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. சாப்பிடுவார், சண்டை போடுவார், பேர் மட்டும் இருக்காது.

ஊரில் ஒருத்தரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. குடிதண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வருகிற ஊர், இதைவிடப் பெரிய இல்லாமையெல்லாம் பார்த்திருக்கிறது. அம்மன் கோயில் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கி, பேர் என்ன என்று கேட்டு, எதிரில் நிற்கிறவர் விழிப்பதைப் பார்த்து, சரி சாமி பேருக்கே பண்ணிடுறேன் என்று ஆரம்பித்தார், பேர் இருக்கிறவர்களும் எதுக்கு வம்பு என்று சாமி பேருக்கே கேட்கத் தொடங்கினார்கள், இரண்டு வாரம் ஊரின் அத்தனை வேண்டுதலும் போட்டவர் யாரென்று தெரியாமல் அம்மன் காலடியில் குவிந்து கிடந்தது, அப்படியும் பாதி பலித்தது என்றார்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் வெட்டியிருந்த பேர்கள் வழுவழுவென்று ஆகிவிட, இரவல் போன அண்டா யாருடையது என்று தெரியாமல் பெண்கள் விரலால் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து, இது எங்க வீட்டு அண்டாதான் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். தபால்காரர் தெருமுனையில் நின்று கடிதத்தின் முதல் நாலு வரியை உரக்கப் படித்தார், யாருக்குக் கண் கலங்கியதோ அவர் வந்து வாங்கிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் மணமகன், மணமகள் என்று மட்டும் அச்சடித்தார்கள், வந்தவர்கள் சரியான மண்டபத்துக்குத்தான் வந்தார்கள், சாப்பாடு நன்றாயிருந்தது என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டியை நிறுத்து என்றார்கள். சவரிமுத்து நிறுத்தினான். மூன்றாம் நாள் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது, நிறுத்தச் சொன்னவர்களே ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். போகிற வழியிலேயே பிள்ளை பிறந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பேர் வைத்தால்தானே போவதற்கு.

என் பேர் போனது இரண்டாவது வாரம். சவரிமுத்து வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, ஒரு நேரம்போல ஒரு நேரம் இல்லண்ணே, நீங்களே கேளுங்க” என்றான். நீ எடு, நான் கேட்கிறேன் என்று சொல்லி, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் குனிந்தபடி கூடவே நடந்தேன். சந்து முக்கில் திரும்பும்போது ஒரு அடி விட்டது. நிமிர்ந்தேன். ஷெட் போர்டில் ஆட்டோ ஒர்க்ஸ் என்று மட்டும் இருந்தது.

நாற்பத்தொரு வருஷம் சேர்த்த பேர். இரண்டு விதத்திலும் போனது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பிளக் நாலையும் மாற்றினேன். பாயிண்ட் மாற்றினேன். கண்டென்சர், காயில், பிளக் வயர் எல்லாம் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். டேங்கை இறக்கிக் கழுவினேன். நாலு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறி அனுப்புகிற சட்டி ஒன்று உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள், அதன் மூடியில் கீறல் இருக்கிறதா என்று ஷெட்டுக் கதவைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி ஷெட்டுக்குள் தையல் மிஷின் மாதிரி ஓடியது, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரோட்டுக்குப் போய் யாராவது ஒருத்தர் பேரைத் தின்றுவிட்டு வந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டே, “ஒங்க பேரா? அது போனதே எனக்கு இப்பத்தான் தெரியும்” என்றாள். அவளுக்கு மட்டுமில்லை, ஐம்பது தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் ஒரு சிரமமும் இல்லை. புருஷன் பேரை அவர்கள் என்றைக்குச் சொன்னார்கள், இன்றைக்குத் தேட? அவுக வந்தாக, அவுக போனாக, ஏங்க, இந்தாங்க, இதிலேயே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். ஆம்பிளைகள்தான் வெளுத்துப்போய்த் திரிந்தோம்.

டீக்கடையில் கேட்டார்கள், “என்னதாண்ணே கோளாறு?”

“வண்டியில மிஸ்ஸிங் இருக்கு” என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலையில் ஷெட் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். முன்னால் பரோட்டா மாஸ்டர். “மிஸ்ஸிங்கான பேரெல்லாம் வண்டியிலதான் இருக்குன்னு சொன்னீகளாம்ல? நாங்க தேடி எடுத்துக்கிறோம், நீங்க ஒங்க வேலையைப் பாருங்க.”

“எவன்யா சொன்னது?”

“நீங்கதாண்ணே. டீக்கடையில.”

சொன்னால் கேட்கிற முகங்களாக இல்லை. சீட்டைத் தூக்கினார்கள், டிக்கியைத் திறந்தார்கள், கால்மிதியைத் தட்டினார்கள், ஹெட்மாஸ்டர் டார்ச் அடித்துச் சீட்டு இடுக்கில் கையை விட்டுத் துழாவினார். ஒற்றைக் கொலுசு கிடைத்தது, குழந்தை சாக்ஸ் கிடைத்தது, ஒரு பல்செட் கிடைத்தது. பல்செட்டு என்னுதுதான் என்று மூன்று பேர் வந்தார்கள். பேர் ஒன்றும் கிடைக்கவில்லை. அறிவுகெட்ட ஜென்மங்களா என்று திட்டி விரட்டினேன். பின்னால் அதற்காக வெட்கப்பட்டேன். ஏன் என்று சொல்லும் இடம் வரும்.

இப்போது மைக்செட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கடை போர்டில் கருப்பணன் சவுண்ட் சர்வீஸ் என்று இருக்கும். கருப்பணன் அவள் புருஷன். நல்ல மனுஷன், ஏணி பிடிப்பார், பேசமாட்டார். மரத்தில் ஏறுவது, வயர் இழுப்பது, ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, மைக்கில் பேசுவது எல்லாம் அவள். காதுகுத்து, திருவிழா, தேர்தல், இழவு எதுவானாலும் அவள் குரல்தான். ஊரில் பிறந்த எல்லார் பேரையும் குழாயில் சொன்னவள் அவள், அவள் பேரைத்தான் ஒருத்தரும் சொன்னதில்லை; மைக்செட்டுக்காரம்மா, கருப்பணன் பொண்டாட்டி, ஏம்மா, இவ்வளவுதான். அதற்குக் காரணம் உண்டு. அவள் நாலாவது பொண்ணாகப் பிறந்தவள். அப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்த பேர் அது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சிரித்தது, அதனால் எட்டு வயசிலேயே அதை எடுத்து மடித்துப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டாள். என்ன பேர் என்று கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதீர்கள். அவசரப்பட நான் ஒருத்தன் போதும்.

பேரூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் நாலாவது வார்டு பெண்கள் வார்டு. காண்ட்ராக்டர் பொன்னுரங்கம் வழக்கம்போல மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் படம் ஆள் உயரம், அந்தம்மா படம் தபால்தலை அளவு. அந்தம்மா பேர் மட்டும் ஊரில் பத்திரமாக இருந்தது. வெளியே விட்டால்தானே புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வருவதற்கு. எதிர்த்து யாரும் நிற்கவில்லை, திங்கட்கிழமை மைக்செட்டுக்காரம்மா போய் மனுத் தாக்கல் பண்ணும்வரை.

“ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்று நான்தான் கேட்டேன்.

“இருவது வருஷமா இன்னைக்குத் தண்ணி வராது, இன்னைக்குத் தண்ணி வராதுன்னு நாந்தாண்ணே கொழாயில சொல்றேன். அந்தக் கொழாயில வராததை இந்தக் கொழாயில சொல்றது. ஒரு நாளாச்சும் வரும்னு சொல்லணும்.”

பேச்சு முடிந்தது. மனுவில் அவள் பேரை முழுசாக, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு புள்ளியும் வைத்து எழுதினாள் என்று ஆபீசில் பார்த்தவர்கள் சொன்னார்கள். மடித்து வைத்ததை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் ஊரணிக் கரை மேட்டில் ஏணி போட்டுக் குழாய் கட்டிக்கொண்டிருந்தாள். பச்சைக் கார் மேடு ஏறியது. ஒரு அடி விட்டது.

மனுவில் அந்தக் கட்டம் காலி. வாக்காளர் பட்டியலில் காலி. அடையாள அட்டையில் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. தேர்தல் ஆபீசர் வெளியூர்க்காரர், தங்கமானவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “அம்மா, பேர் இல்லாம நான் எதை அச்சடிக்கிறது? நாளைக்கு மூணு மணிக்குப் பட்டியல் ஒட்டணும். அதுவரைக்கும் பார்க்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

“கருப்பணன் மனைவின்னு போட்டுக்கலாமே” என்றார் பக்கத்தில் நின்ற ஒருத்தர்.

“அப்பக் கருப்பணனையே நிக்கச் சொல்லுங்க” என்றாள். கருப்பணன் வேகவேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஷெட்டுக்கு வந்தாள். தோளில் வயர்ச் சுருள், கையில் ஒரு நோட்டு. பின்னால் கருப்பணன், தலையில் ஆம்ப்ளிபயர், தோளில் ஏணி, கையில் ஒரு குழாய். நான் பானட்டுக்குள் இருந்தேன்.

“அண்ணே, வண்டியை நான் கொஞ்சம் பார்க்கவா?”

“இது ரேடியோ இல்லம்மா.”

“தெரியும்ணே. பொறி எங்கெங்க விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கேன், அதை மட்டும் பாருங்க.”

நோட்டை நீட்டினாள். விசேஷ வீடுகளில் வாசிக்கிற பேர்களை எழுதி வைத்திருக்கிற நோட்டு. அதில் பேர் போன இடமெல்லாம் வெள்ளை, ஒவ்வொரு வெள்ளைக்கும் எதிரில் அவள் எழுதியிருந்தாள்: பள்ளிக்கூட வேகத்தடை. பரோட்டாக் கடை வாசல். ரயில்வே கேட். ஊரணி மேடு. ஷெட் சந்து முக்கு. ஊரணி மேடு. வேகத்தடை. மொத்தம் அறுபத்து மூன்று வெள்ளை.

“சமமான ரோட்டுல ஒண்ணுகூடப் போகலண்ணே. மேடேறுற எடம், இல்லாட்டி நிறுத்தி எடுக்குற எடம். எல்லாமே சவரிமுத்து மிதிக்கிற எடம், மிதிச்சுட்டு விடுற எடம்.”

நாற்பத்தொரு வருஷத்தில் நான் வண்டியைக் கேட்டிருக்கிறேன். ஊரைக் கேட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“மிதிக்கிறப்ப உள்ள எதுண்ணே அசையுது?”

“டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு தட்டு இருக்கு. மிதிச்சா கொஞ்சம் திரும்பும், விட்டா திரும்பி வரும்.”

“அந்தத் தட்டுல வயர் இருக்கா?”

“இருக்கு. மூணு அங்குலம். அது நல்லாத்தான் இருக்கு, நாலு தடவ பார்த்துட்டேன்.”

“பார்த்தீங்க” என்றாள். “வளைச்சீங்களா?”

கழற்றிக் கொடுத்தேன்.

மைக்செட் தொழிலில் அடிக்கடி வருகிற வியாதி எது தெரியுமா? மேலே ரப்பர் தோல் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். வயர் நேராகக் கிடந்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு பேசும், கொஞ்சம் வளைந்தால் பேச்சு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. மைக்கில் பேசிக்கொண்டே அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டு போனால், எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் அறுபட்டிருக்கிறது. அவள் தன் மைக் வயரை வெட்டினாள், நடுவில் என் மூன்று அங்குலத்தைச் சேர்த்து முறுக்கினாள், ஷெட் வாசல் வேப்பமரத்தில் குழாயை மாட்டினாள், ஒரு கையில் மைக், ஒரு கையில் அந்தக் குட்டி வயர்.

“ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு… ரெண்டு… மூணு…”

தெரு முழுக்கக் கேட்டது. பரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடு வந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவள் கட்டை விரலாலும் நகத்தாலும் வயரை வளைத்தபடி எண்ணிக்கொண்டு போனாள், நாலு, அஞ்சு, ஆறு, குழாய் கூடவே எண்ணியது, ஏழு, எட்டு, வயரின் கடைசி அரை அங்குலத்துக்கு நகம் வந்தது.

“ஒம்ப—”

குழாய் ஊமையானது. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. விரலை எடுத்தாள்.

“—து” என்றது குழாய்.

நான் பிளேடால் அந்த இடத்தைக் கீறித் தோலை உரித்தேன். உள்ளே செம்பு இரண்டாகக் கிடந்தது, நடுவில் ஒரு தலைமுடி நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அறுபத்து மூன்று பேர் போயிருந்தார்கள்.

அவள் தன் மைக் வயரிலிருந்து மூன்று அங்குலம் வெட்டிக் கொடுத்தாள். நல்ல வயர், எத்தனை வளைத்தாலும் தாங்குகிற மெல்லிய இழைகள். வைத்து முறுக்கினேன். மூடியைப் போட்டேன். சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

சந்து முக்கில் வண்டி திரும்பியது, சவரிமுத்து மிதித்தான், மிஸ்ஸிங் அடித்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெடிப்புக்கு இரண்டு வெடிப்பாக டப் டப் என்று விழுந்தது, புகைக்குழாயிலிருந்து கரி படிந்து சூடாக என் பேர் வெளியே வந்தது. போர்டில் ஏறி உட்கார்ந்தது. என்ன பேர் என்பது உங்களுக்கு எதுக்கு? எனக்குத் தெரிந்தால் போதாதா? ஆனால் பரோட்டா மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை.

“வண்டியிலதான் இருக்குன்னு நாங்க சொன்னோம்ல?”

அறிவுகெட்டவன் நான்தான். ஒத்துக்கொண்டேன்.

“அக்கா, நேரா ஊரணி மேட்டுக்கு ஓட்டவா? ஒங்களுக்கு மூணு மணி” என்றான் சவரிமுத்து.

அவள் மைக்கையும் ஆம்ப்ளிபயரையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். “போனது எந்த வரிசையோ அந்த வரிசையில போ. முந்திக்கிட்டுப் போக நான் என்ன பொன்னுரங்கமா?”

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது: முன்னால் பச்சைக் கார், பின்னால் நான், என் பின்னால் கருப்பணன் ஏணியோடு, அவர் பின்னால் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊர், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்க ஞானதிரவியம் என்று ஒரு வெடி, ஹெட்மாஸ்டர் துண்டில் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், பரோட்டாக் கடை வாசலில் சம்சுதீன் என்று ஒரு வெடி, கேட்டில் நிறுத்தி எடுக்க வீரபத்திரன், அப்புறம் லூர்துமேரி, அப்புறம் ஒச்சம்மா, அப்புறம் முத்திருளாயி, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கதவு திறந்தது, ஒவ்வொரு வெடிக்கும் எங்கேயோ ஒரு அண்டாவில் எழுத்து புடைத்தது, திரும்பத் திரும்ப அதே தெருக்களைச் சுற்றினோம், போனவர்கள் போன வரிசையில் வந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது, ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, தன் பேர் கிடைத்தவர்களும் மற்றவர் பேருக்காகக் கூடவே ஓடினார்கள், ஐம்பது தாண்டிய பெண்கள் மட்டும் புருஷன் பேர் சத்தமாக வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அறுபத்திரண்டு பேர் வந்தாயிற்று. மணி இரண்டு முப்பத்தைந்து. ஊரணி மேடு.

வண்டி ஏறியது. சுத்தமாக ஏறியது. ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேர் வரவில்லை.

இறக்கி, மறுபடி ஏற்றினான். வரவில்லை. மூன்றாவது தடவையும் வரவில்லை. இரண்டு நாற்பத்தைந்து.

பொன்னுரங்கம் பைக்கில் வந்து நின்றார். “ஏத்தா, எதுக்கு இந்தப் பாடு? அந்தப் பேரு போனது நல்லதுன்னு வெச்சுக்க. நல்லா மகாலட்சுமி, தனலட்சுமின்னு ஒண்ணு வெச்சுக்கிட்டு, அடுத்த தேர்தலுக்கு வா.”

அவள் அவரைப் பார்த்தாள். “எங்கப்பன் வேண்டாம்னு வெச்ச பேருதான். நாப்பது வருஷம் நானும் வேண்டாம்னுதான் வெச்சிருந்தேன். திங்கக்கிழமை வேணும்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே அது என்னுது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து, கரையில் புதன்கிழமை அவள் கட்டிய குழாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணே” என்றாள். “நான் அன்னைக்குக் கீழ நிக்கல. ஏணி மேல இருந்தேன். தலை அந்தக் கொழாய்க்குள்ள இருந்துச்சு.”

எனக்குப் புரிந்தது, அவள் பேர் வண்டிக்குள் போகவில்லை, அந்தக் குழாய்க்குள் போயிருந்தது. கருப்பணன் எனக்கு முந்தியே புரிந்துகொண்டு, குழாயில் வயர் மாட்ட ஏணியைச் சாத்திவிட்டார்.

கரண்ட் இல்லை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் இருக்காது. கார் பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு இரண்டு வயர் இழுத்தேன். பேட்டரி பழசு, இன்ஜின் ஓடினால்தான் தாங்கும். “விடாம மிதி. ஒரு அடி விட்டுச்சு, ஒன்னை விடமாட்டேன்” என்றேன் சவரிமுத்துவிடம். மிதித்தான். மைக்கை நீட்டினால் வயர் மூன்று அங்குலம் குறைவு. கருப்பணன் ஆம்ப்ளிபயரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இன்ஜின் ஓடியது, டுப்டுப்டுப்டுப், ஊரே அதை எண்ணிக்கொண்டு நின்றது, ஒன்றும் விடவில்லை.

“ஹலோ” என்றாள். குரல் நடுங்கியது. இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். “ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு. ரெண்டு. மூணு.”

குழாய் ஒரு தடவை செருமியது. அப்புறம் அவள் பேரைச் சொன்னது.

அவள் குரல்தான், ஆனால் எட்டு வயசுக் குரல், வகுப்பு சிரிப்பதற்கு முந்தைய குரல், வாத்தியார் கேட்டவுடன் எழுந்து நின்று பயமில்லாமல் சொல்கிற குரல். ஊரணியைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, அம்மன் கோயில் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பொன்னுரங்கத்தின் வீட்டு மாடியில் அவர் மனைவி வெளியே வந்து நின்று கை தட்டினாள். முதல் தடவையாக அந்தம்மாவை ஊர் பார்த்தது.

தேர்தல் ஆபீசில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆபீசருக்கு எதிரில், காலிக் கட்டத்தில், ஒவ்வொரு புள்ளியாக மை ஊறி எழுந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டியலை ஒட்டினார். பசையைத் தாராளமாகத் தடவினார் என்று கேள்வி.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தாள். பொன்னுரங்கம் வீட்டு ஓட்டு இரண்டில் ஒன்று அவளுக்குத்தான் விழுந்தது என்று ஊரில் சொல்கிறார்கள், எந்த ஒன்று என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆறாவது மாதம் ஒரு சாயங்காலம் குழாயில், “நாளைக் காலை ஆறு மணிக்கு நாலாவது வார்டில் தண்ணீர் வரும்” என்று சொன்னாள். ‘வரும்’ என்பதைச் சரியாகக் கேட்கவில்லை என்று பாதிப் பேர் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். வந்தது. கவிழ்த்து வைத்தவர்கள் ஓடினார்கள்.

பச்சைக் கார் இன்னும் ஓடுகிறது. வெளியூர் மெக்கானிக்குகள் வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, இந்த வயசில் இந்த வண்டி இப்படி ஓடுகிறதே, நீங்கதானே பார்த்தீங்க என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. பானட்டைத் திறந்து காட்டுகிறேன். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து, இன்ஜின் மூடியில், எவன் குனிந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், ஒவ்வொரு புள்ளியும் ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்:

மிஸ்ஸிங் சரி பண்ணியது, போதும்பொண்ணு.